போஸ்தோவும் அபினியும்: கல்கத்தா வழியே போன ஒரு வரலாறு

குருமாவுக்குத் தேங்காயோடு இரண்டு சிட்டிகை கசகசா சேர்த்து அரைப்பது நம் வீட்டு வழக்கம். விசேஷ நாட்களில் கசகசாப் பாயசமும் உண்டு. அவ்வளவுதான். ஆனால் கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த நாம் இங்கே பார்த்தது வேறு. 'ஆலூ போஸ்தோ' என்று உருளைக்கிழங்கின் மேல் அப்பினாற்போல் ஒரு வெள்ளை விழுது. கேட்டால், அது நம் கசகசாவேதான்! ஊரில் சிட்டிகைக் கணக்கு, இங்கே கிண்ணக் கணக்கு. அபினி பயிரிட்ட பீகார்ப் பக்கத்து நிலங்களிலிருந்து, பால் எடுத்த பிறகு மிஞ்சிய விதை மூட்டை மூட்டையாக வந்ததால்தான் வங்காளிக்கு இந்தப் பழக்கம் வந்தது என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்த விதையின் பின்னால் இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெரிய பகுதி நாம் தினமும் டிராமிலும் பஸ்ஸிலும் கடந்து போகிற இந்த நகரத்தில் நடந்தது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஏன் சொல்ல வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரே செடி, இரண்டு பொருள்

கசகசாவும் அபினியும் ஒரே செடியில் விளைபவை. விதையில் போதை இல்லை என்றே சொல்லலாம். போதை இருப்பது பச்சைக் காயின் தோலில் ஊறும் பாலில். மாசி, பங்குனி வாக்கில் பூவிதழ்கள் உதிர்ந்தபின், பல முனை கொண்ட சிறு கத்தியால் பகல் சாய்ந்த நேரத்தில் காயை லேசாகக் கீறிவிடுவார்கள். இரவெல்லாம் பால் கசிந்து, பழுப்பாக இறுகிப் பிசின்போல் நிற்கும். மறுநாள் காலையில் அதை வழித்தெடுப்பார்கள். அதுதான் அபினி. கீறல் ஆழமானால் பால் உள்ளே இறங்கிவிடும், மழை பெய்தால் கரைந்து போய்விடும். நல்ல கைப்பக்குவம் வேண்டிய வேலை.

பேரும் தூரத்திலிருந்து வந்ததுதான். கிரேக்கத்தில் 'ஓபியோன்', அரபியில் 'அஃப்யூன்', இந்தியில் 'அஃபீம்', நம்மிடம் 'அபின்', 'அபினி'. மொகலாயர் காலத்தில் இது இங்கு நன்றாக வேரூன்றிவிட்டது. அக்பர் கால 'அயினி அக்பரி'யில் இதன் சாகுபடி பற்றிய குறிப்பு உண்டு. ஜஹாங்கீர் தாம் மதுவும் அபினியும் கொண்டதைத் தம் நினைவுக் குறிப்புகளிலேயே ஒளிக்காமல் எழுதியவர். 1618-இல் இனாயத் கான் என்ற தம் அரசவையினர் ஒருவர் அபினியாலும் மதுவாலும் எலும்புக்கூடாகி மரணப் படுக்கையில் இருந்தபோது, அந்தக் கோலத்தை ஓவியமாக எழுதச் சொன்னார். இன்றும் ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இருக்கிறது அந்தப் படம். போதைக்கு அடிமையானவனின் உடல் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டில் கிடைத்த பழைய சாட்சியங்களில் அது ஒன்று.

கம்பெனியின் கணக்கு

இதை ஓர் அரசாங்கத் தொழிலாக மாற்றியது கிழக்கிந்தியக் கம்பெனி. பிளாசிக்கும் பக்ஸாருக்கும் பிறகு வங்காளமும் பீகாரும் கைக்கு வந்தன. 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அபினி வியாபாரத்தைக் கம்பெனியின் ஏகபோகம் ஆக்கினார். 1797-க்குப் பின் சாகுபடியையும் தயாரிப்பையும் கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொண்டது. பாட்னாவில் ஒரு ஏஜென்சி, காஸிப்பூரில் ஒரு ஏஜென்சி. பன்னீருக்குப் பேர்போன அந்தக் காஸிப்பூரில் 1820-இல் தொடங்கிய அபினி ஆலை பிற்காலத்தில் அரசு அபினி மற்றும் ஆல்கலாய்டு ஆலை என்ற பெயரில் தொடர்ந்தது.

எதற்கு இத்தனை அபினி? சீனாவுக்காக. இங்கிலாந்துக்காரனுக்குத் தேயிலை வேண்டும். தேயிலை சீனாவில் இருக்கிறது. சீனன் பதிலுக்கு வெள்ளியைத்தான் கேட்டான், இங்கிலாந்துச் சரக்கு அவனுக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. வெள்ளி போய்க்கொண்டே இருந்தால் கட்டுப்படியாகுமா? அங்கேதான் அபினி கைகொடுத்தது.

ஏற்பாட்டைப் பாருங்கள். சீனப் பேரரசு 1729-லேயே அபினி விற்பனைக்குத் தடை போட்டிருந்தது. ஆகவே கம்பெனி தன் சொந்தக் கப்பலில் அபினியை ஏற்றாது. பெட்டிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து பகிரங்க ஏலத்தில் விற்றுவிடும். ஏலம் எடுத்த தனி வியாபாரிகள் அதைச் சீனக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கள்ளத்தனமாக இறக்கி வெள்ளி வாங்குவார்கள். அந்த வெள்ளி கான்டனில் உள்ள கம்பெனி கஜானாவில் சேரும். வியாபாரிக்கு லண்டனில் பணமாக மாற்றிக்கொள்ள உண்டியல் கிடைக்கும். கம்பெனி அந்த வெள்ளியில் தேயிலை வாங்கும். 'நாங்கள் கல்கத்தாவில் ஏலம் விட்டதோடு சரி, அது எங்கே போயிற்று என்று எங்களுக்குத் தெரியாது' என்று கையை விரிக்க வசதியான ஏற்பாடு!

ஒரு பெட்டியில் நாற்பது உருண்டைகள், மொத்தம் சுமார் 140 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 63 கிலோ. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்டுக்கு நாலாயிரம் பெட்டி அளவில் இருந்த ஏற்றுமதி, 1830களின் இறுதியில் மால்வா அபினியையும் சேர்த்து நாற்பதாயிரத்தைத் தொட்டது. 1880 வாக்கில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. நிலவரி, அபினி, உப்பு ஆகிய மூன்றும் அந்தக் கால அரசின் பெரும் வருவாய்த் தூண்கள்.

இதில் வெள்ளைக்காரன் மட்டும் சம்பாதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மால்வா அபினி பம்பாய் வழியே போயிற்று. பம்பாயில் பெரிய ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்த கொடைவள்ளல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் சீன வியாபாரத்தில், அபினியிலும் பருத்தியிலும், பொருளீட்டியவர். நம் கல்கத்தாவில் துவாரகாநாத் தாகூருக்கு அபினி ஏற்றிச் செல்லும் வேகக் கப்பல்களில் பங்கு இருந்தது. அவருடைய பேரன் ரவீந்திரநாத், இருபது வயதில், 1881-இல், இந்த வியாபாரத்தைச் சீனாவில் நடக்கும் மரண வியாபாரம் என்று கண்டித்து 'பாரதி' இதழில் கட்டுரை எழுதினார். தாத்தா செய்த தொழிலைப் பேரன் கண்டித்தார்.

யுத்தத்துக்குப் போன சென்னைப் பட்டாளம்

1839-இல் லின் ட்சே-ஷூ என்ற சீன அதிகாரி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்து, சுண்ணாம்பும் உப்பும் கலந்த குழிகளில் கரைத்துக் கடலில் விட்டார். பிரிட்டன் படையெடுத்தது. அதுதான் முதல் அபினிப் போர். 1842 நான்கிங் உடன்படிக்கையில் ஹாங்காங் பிரிட்டனுக்குப் போயிற்று. இரண்டாவது போருக்கு இடையே, 1858-இல், சீனா அபினி இறக்குமதிக்கு வரி விதித்து அனுமதிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. அந்த முதல் போருக்குச் சென்னை ராஜதானியின் சிப்பாய்களும் அனுப்பப்பட்டார்கள். 1841 மே மாதம் கான்டன் அருகே சான்யுவான்லி என்ற இடத்தில், சென்னை 37ஆம் காலாட்படையின் ஒரு பிரிவு கொட்டும் மழையில் தனியாக மாட்டிக்கொண்டது. துப்பாக்கி மருந்து நனைந்து சுட முடியாத நிலை. ஈட்டியும் கம்புமாகச் சூழ்ந்த கிராமத்து மக்களுக்கு நடுவே, உதவி வரும்வரை சதுரமாக அணிவகுத்து நின்றார்கள். சீனப் பாடநூல்களில் சான்யுவான்லி மக்கள் எழுச்சியின் பெயர். அங்கே எதிரியாக நின்றவர்களில் நம் பக்கத்துக் குடியானவன் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். மாதச் சம்பளத்துக்குப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கு யாருக்காக, எதற்காகச் சண்டை என்று யார் சொல்லியிருப்பார்கள்?

பயிரிட்டவன் நிலை

பீகாரிலும் காசிப் பக்கத்திலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடியானவர்கள் இந்தப் பயிரில் இருந்தார்கள். விதைக்குமுன் முன்பணம் கொடுப்பார்கள். முன்பணம் வாங்கினால் இவ்வளவு நிலத்தில் அபினி போட்டே தீரவேண்டும். விளைந்ததை அரசுக்கு மட்டும்தான், அரசு சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். அடிக்கடி நீர் பாய்ச்ச வேண்டும், களை பறிக்க வேண்டும், நல்ல நிலமாக வேண்டும். கணக்குப் பார்த்தால் கூலிக்கும் உரத்துக்கும் கட்டாது என்பதே வரலாற்றாய்வாளர்கள் கண்ட முடிவு. ஆனாலும் முன்பணம் குத்தகை கட்டுகிற சமயத்தில் கைக்கு வரும். அந்த ஒன்றுக்காகவே கழுத்தை நீட்டினார்கள்.

மூளையில் என்ன நடக்கிறது?

சற்று நின்று, இந்தப் பொருள் என்னதான் செய்கிறது என்று பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் அபினியிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்து, கிரேக்கக் கனவுத் தெய்வம் மார்ஃபியஸின் பெயரை வைத்தார். அதுவே மார்ஃபின். 1874-இல் லண்டனில் மார்ஃபினை மாற்றி ஹெராயின் தயாரிக்கப்பட்டது. 1898-இல் பேயர் கம்பெனி அதை இருமல் மருந்தாகவே சந்தைக்குக் கொண்டுவந்தது என்றால் நம்ப முடிகிறதா?

ஏன் இது மனிதனை இப்படிப் பிடிக்கிறது என்பதற்கு விடை 1970களில்தான் கிடைத்தது. நம் மூளையிலும் தண்டுவடத்திலும் அபினிச் சத்துக்கென்றே செய்தாற்போல் பூட்டுகள் இருக்கின்றன என்று 1973-இல் கண்டுபிடித்தார்கள். கசகசாச் செடிக்காகவா நம் மூளையில் பூட்டு இருக்கும்? இல்லை. வலியையும் பதற்றத்தையும் தணிக்க உடம்பே சுரக்கும் பொருள்களுக்கான பூட்டுகள் அவை. அந்தச் சுரப்புகள் 1975-இல் தெரியவந்தன. அபினி என்பது அந்தப் பூட்டில் நுழையும் கள்ளச்சாவி. வலி அடங்கும், மனசு லேசாகும், கவலை தூரப் போகும். கூடவே மலச்சிக்கல் வரும், அளவு மீறினால் மூச்சு அடங்கும். சாவு வருவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

நாளாக ஆக, அதே அளவு பற்றாது. நிறுத்தினால் மூக்கொழுகும், உடம்பு முறுக்கும், வயிறு போகும், தூக்கம் வராது. அப்போது அவன் சுகத்துக்காகச் சாப்பிடுவதில்லை, வேதனை தீரச் சாப்பிடுகிறான். 'மனசுல திடம் இல்லாதவன்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உடம்பின் கணக்கே மாறிப்போயிருக்கிறது என்பதை யோசிப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. எந்த வழியில் போகிறது என்பது முக்கியம். வாயில் போட்டால் மெல்ல ஏறும். புகைத்தால் நொடிகளில் ஏறும். ஊசியில் இன்னும் வேகம், இன்னும் ஆபத்து. இந்தியாவில் பெரும்பாலும் விழுங்கினார்கள், சீனாவில் புகைத்தார்கள். இந்த வித்தியாசம்தான் அடுத்து வந்த பெரிய விவாதத்தில் துருப்புச்சீட்டு ஆயிற்று.

ராயல் கமிஷன் சொன்னதும் சொல்லாததும்

இங்கிலாந்தில் பாதிரிமார்களும் சீர்திருத்தக்காரர்களும் கிளர்ச்சி செய்ததால், 1893-இல் அபினி பற்றி ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. பிராஸி பிரபு தலைவர். தர்பங்கா மகாராஜாவும் ஹரிதாஸ் விஹாரிதாஸ் தேசாயும் இந்திய உறுப்பினர்கள். கல்கத்தா உட்படப் பல ஊர்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1895-இல் அறிக்கை தந்தார்கள். இந்தியர்கள் அபினியை மிதமாகவே கொள்கிறார்கள், காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் வீட்டு மருந்தாக வைத்திருக்கிறார்கள், தடை செய்ய அவசியம் இல்லை என்பதே சாரம். ஹென்றி வில்சன் என்ற ஓர் உறுப்பினர் மட்டும் ஒப்பாமல் தனிக் குறிப்பு எழுதினார்.

கமிஷன் சொன்னது முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. டாக்டர் இல்லாத கிராமத்தில் ஒரு கடுகளவு அபினிதான் பேதிக்கு மருந்து. ஆனால் அதே கடுகளவு குழந்தையின் வாயிலும் போயிற்று. பம்பாய் மில்லில் வேலைக்குப் போகும் தாய்மார்கள், தாம் திரும்பும்வரை குழந்தை அழாமல் தூங்க, 'பால கோலி' என்ற அபினி மாத்திரை கொடுத்தார்கள். தாயைக் குறை சொல்லி என்ன பயன்? குழந்தைக் காப்பகம் இல்லாத மில்லும், அந்த மாத்திரைக்கு லைசென்ஸ் கொடுத்த அரசும் அல்லவா கேள்விக்குரியவை.

அஸ்ஸாமின் 'கானி' இன்னும் தெளிவான உதாரணம். 1860-இல் அங்கே சொந்தச் சாகுபடியை அரசு தடை செய்தது. பழக்கத்தை நிறுத்தவா? இல்லை, அரசு அபினியை விற்க. மறு வருஷமே புலகுரியில் குடியானவர்கள் எழுந்தார்கள், ஓர் ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். பழக்கம் போகவில்லை, வருமானம் மட்டும் கூடியது. பிறகு ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் காங்கிரஸ் தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தார்கள். சி.எஃப். ஆண்ட்ரூஸ் துணையோடு காங்கிரஸ் நடத்திய விசாரணையின் அறிக்கை 1925-இல் வந்தது. 1939-இல் கோபிநாத் பர்தலை அரசு அபினி ஒழிப்பைக் கையில் எடுத்தது.

சீனாவுக்கான ஏற்றுமதி, 1907 உடன்பாட்டின்படி ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து, 1913-இல் நின்றது. சுதந்திரத்துக்குப் பின் 1949-இல் நடந்த மாநாடு, பத்து ஆண்டுகளில் மருந்துக்கல்லாத அபினிப் பயன்பாட்டை ஒழிப்பதென்று தீர்மானித்தது.

தடையின் மறுபக்கம்

இனி, இந்த வரலாற்றை ஏன் சொல்ல வந்தேன் என்பதற்கு வருகிறேன்.

1985-இல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. பத்து ஆண்டுகளுக்குக் குறையாத கடுங்காவல், லட்ச ரூபாய் அபராதம். கடத்தல்காரனுக்கு அது வேண்டியதுதான். ஆனால் மருந்துக் கடையில் மார்ஃபின் வைத்திருக்கவும், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகவும் லைசென்ஸ் மேல் லைசென்ஸ் தேவைப்பட்டது. ஒன்று காலாவதியாகும்போது மற்றொன்று வந்து சேரும். கணக்கில் சிறு பிசகு என்றாலும் ஜெயில். எந்தக் கடைக்காரர் துணிவார்? நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்து, 1997-இல் வெறும் 18 கிலோ ஆயிற்று. நூறு கோடி மக்களுக்கு 18 கிலோ! அப்போதும் நம் நாடு மருந்துத் தொழிலுக்காக அபினியை விளைவித்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்துகொண்டுதான் இருந்தது.

அந்த வருஷங்களில் எங்கள் அடுக்ககத்தில் குடியிருந்த மாமி ஒருவருக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. ராத்திரி அவர் முனகுவது இரண்டு மாடி கீழே கேட்கும். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மகன் அதை எடுத்துக்கொண்டு நகரத்தைச் சுற்றி வந்தான். 'வலிக்கு மருந்து கேட்டா, போதைக்குக் கேக்கறவனைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க அண்ணா' என்று படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மருந்து கிடைப்பதற்குமுன் மாமி போய்விட்டார். நூறு வருஷம் கப்பல் கப்பலாக அபினி ஏற்றிய நகரத்தில், ஒரு வேளை மார்ஃபின் மாத்திரை கிடைக்கவில்லை.

இதை மாற்றப் பாடுபட்டவர்கள் உண்டு. கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் வலி தணிப்புச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். நோயாளி வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, ஊர்க்காரர்களையே தொண்டர்களாகப் பழக்குவது என்று அது வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது. அவர்களைப் போன்றோரின் விடாமுயற்சியால் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் போன்ற அத்தியாவசிய மருந்துகளுக்கு நாடு முழுதும் ஒரே விதி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குத் தனித்தனி லைசென்ஸ் வேண்டாம் என்றாயிற்று. ஆனாலும் பயம் சட்டத்தில் மட்டும் இல்லையே. டாக்டருக்குப் பயம், நர்ஸுக்குப் பயம், 'அம்மாவுக்குப் பழக்கம் ஆயிடுமோ' என்று பிள்ளைக்கும் பயம். புற்றுநோய் வலிக்கு, முறைப்படி அளந்து, வேளை தவறாமல் கொடுக்கும் மார்ஃபினால் அப்படி அடிமையாவது அரிது.

அதற்காக, கதவை அகலத் திறந்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1996 முதல், வீரியமான அபினி வகை வலி மாத்திரையை முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் எழுதத் தூண்டிக் கம்பெனிகள் வியாபாரம் செய்தன. பழகியவர்கள் ஹெராயினுக்கும் ஃபென்டனிலுக்கும் போனார்கள். 2021 ஒரே ஆண்டில் அங்கு அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கல்கத்தா ஏலத்தின் மறுபதிப்பு அது. லாபமே கொள்கையானால் முடிவு ஒன்றுதான்.

நம் நாட்டு நிலையும் கவலைக்குரியதே. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, அபினி வகைப் பொருள்களைக் கொள்வோர் மக்களில் 2.1 விழுக்காடு, சுமார் 2.26 கோடிப் பேர். அதில் அபினியைவிட ஹெராயின் கொள்வோரே அதிகம். சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவை. பியூப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்தைக் கண்காணிப்பில் கொடுத்து மீட்கும் சிகிச்சை இருக்கிறது. கட்டிவைத்து அடிக்கும் 'மையங்கள்' சிகிச்சை ஆகா. மத்திய அரசின் 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் வழி கேட்கலாம். வீட்டில் ஒரு பிள்ளை இப்படி ஆகிவிட்டால், 'ஊர்ல தெரிஞ்சா மானம் போயிடும்' என்று மூடி மறைக்கிறோம். வெளியூரில் வாழும் நமக்கு இந்த வெட்கம் இன்னும் கொஞ்சம் அதிகம். சங்கம் என்று ஒன்று வைத்திருப்பது பொங்கலுக்கும் நாடகத்துக்கும் மட்டும்தானா?

வரலாறு காட்டுவது இதுதான். கம்பெனி இந்தப் பொருளை வெறும் சரக்காகப் பார்த்தது. பிறகு வந்த சட்டம் இதை வெறும் குற்றமாகப் பார்த்தது. இரண்டு கண்ணுக்கும் நோயாளி தெரியவில்லை, பழக்கத்தில் சிக்கியவனும் தெரியவில்லை. நம் சங்கத்தில் டாக்டர்கள் இருக்கிறார்கள், மருந்துக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், வக்கீல்களும் இருக்கிறார்கள். இந்த நகரில் எந்தெந்த மருத்துவமனையில் வலி தணிப்புச் சிகிச்சை கிடைக்கிறது, மார்ஃபின் எங்கே கிடைக்கும் என்று ஒரு பக்கப் பட்டியல் தயாரித்து உறுப்பினர் வீடுகளுக்கு அனுப்பினால் என்ன? இன்னொரு பிள்ளை சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து அழாமல் இருந்தால், இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொள்வேன்.

கடைசியாக ஒரு வார்த்தை. மகளைப் பார்க்கத் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் மசாலாப் பொட்டலங்களோடு கசகசாவைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு முந்திரி அரைத்துக்கொள்ளலாம்.